வாயில் வீட்டின் இரண்டு பாதி

ஊனா: குடை எங்கே, மாலக்கி?

மாலக்கி: பன்னெண்டடி தூரத்துக்குக் குடையா? எஸ்டேட் கேட்டுக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் நீங்க...

ஊனா: சொட்டச் சொட்ட நிக்கறீங்க. அடுப்புகிட்ட வாங்க. ஐயோ, அந்த ரொட்டி டப்பாவைத் தொடாதீங்க!

மாலக்கி: ஒரு துண்டுதானே...

ஊனா: இதோ, வெட்டி வெண்ணெய் தடவி வெச்சிருக்கேன். டப்பாவை விடுங்க.

மாலக்கி: உள்ள என்ன, புதையலா?

ஊனா: வந்த விஷயத்தைச் சொல்லுங்க.

மாலக்கி: எஸ்டேட் ஆபீஸ் கெடு... இன்னியோட முடியுது.

ஊனா: தெரியும். ரெண்டு வீட்டையும் ஒண்ணாக்கி, ஒரே குடும்பத்துக்குத்தான் குடுப்பாங்களாம். யார் இருக்கறதுன்னு நம்மளையே பேசி எழுதச் சொல்லிட்டாங்க.

மாலக்கி: கட்டினப்பவே ஒரே வீடுதானே. வாசல் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியணும்னு அந்தக் காலத்துச் சீமாட்டி ரெண்டா வெட்டிட்டா. இங்க சமையல், அங்க படுக்கை.

ஊனா: சாப்பிட்டுட்டு மழையில ஓடிப்போய்த் தூங்கணும்! அந்த மகராசி ஒரு நாள் ஓடிப் பாத்திருக்கணும்.

மாலக்கி: ...நான் ஸ்லைகோவுக்குப் போயிடறேன், ஊனா. அக்கா வீட்டுக்கு.

ஊனா: அக்கா வீட்டுக்கா? கிறிஸ்துமஸுக்குப் போய் மறுநாளே ஓடி வந்தீங்களே!

மாலக்கி: அவ பூனை எனக்கு ஒத்துக்கல.

ஊனா: பூனையா, அக்காவா?

மாலக்கி: ரெண்டும்தான். விடுங்க... நீங்க இருங்க. உங்க வீட்டுக்காரர் டெர்மட் நட்ட ஆப்பிள் மரம் இங்க நிக்குது.

ஊனா: நீங்க இங்க இருந்த முப்பது வருஷம்?

மாலக்கி: எனக்கு மரம் கிரம் ஒண்ணும் இல்லையே.

ஊனா: என் வீட்டுக்காரர் தவறிப்போன வருஷம், மழைக்காலம் முழுக்க கேட்டுல என் பக்கக் கதவை யார் திறந்தது? டிராக்டர் ஹாரன் கேட்டு நான் பூட்ஸ் மாட்டறதுக்குள்ள ரெண்டு கதவும் திறந்து கெடக்கும்.

மாலக்கி: ஒரு கதவை மட்டும் திறந்தா டிராக்டர் எப்படிப் போகும்?

ஊனா: அதைத்தான் நானும் கேக்கறேன்.

மாலக்கி: எதை?

ஊனா: நீங்க போயிட்டா உங்க பக்கக் கதவை யார் திறப்பாங்க?

மாலக்கி: பஸ்ஸுக்கு நேரமாச்சு, நான் கிளம்பறேன்.

ஊனா: கோட்டுப் பையில என்ன? வந்ததுலேர்ந்து தடவிப் பாத்துக்கிட்டே இருக்கீங்க.

மாலக்கி: ஒண்ணுமில்ல. ஆபீஸ் படிவம். நனைஞ்சு போச்சு...

ஊனா: குடுங்க.

மாலக்கி: வேணாம், ஊனா.

ஊனா: குடுங்கன்னா! ...'குடும்பம்: ஒன்று. பெயர்கள்: மாலக்கி டோலன், ஊனா...' என் பேரு!

மாலக்கி: மூணு வாரமாப் பையிலயே கெடக்கு. கேக்கத் தைரியம் வரல. கிழிச்சு அடுப்புல போட்டுடுங்க. நாலு மணிக்கு பஸ்ஸு...

ஊனா: ரொட்டி டப்பாவைத் திறங்க.

மாலக்கி: இப்ப யாருக்கு ரொட்டி இறங்கும்?

ஊனா: திறங்கய்யா!

மாலக்கி: கடுதாசி... ஆபீஸ் முத்திரை... இதுல நம்ம ரெண்டு பேர் பேரும் இருக்கே! இது எப்படி...

ஊனா: போன திங்கக்கிழமையே நாம ஒரே குடும்பம்னு ஆபீஸுக்கு எழுதிப் போட்டுட்டேன். நேத்து சம்மதம்னு பதில் வந்துது. உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல வெக்கமா இருந்துது, டப்பாவுல ஒளிச்சு வெச்சேன். உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி. படுக்கை பழையபடி அந்தப் பக்கம்தான்னு எழுதியிருக்கேன்... அதனால, ரெண்டு பேர் நனையாத மாதிரி பெருசா ஒரு குடை வாங்குங்க.