தெளிய வைக்கிற மருந்து

– ஆளைக் கட்டிப்போட்டு வைத்தியம் செய்யேலாது, மீனம்மா அக்கா. முதல்ல அந்தக் கயித்தை அவிழ்த்து விடுங்கோ.

– அவுத்தா ஓடிருவான் மிஸ்ஸி. முரசுமோட்டையிலேர்ந்து ஆட்டோவுல அமுக்கிப் புடிச்சுல்ல கொண்டாந்திருக்கேன். ஏந் தம்பிய எனக்குத் தெரியாதா?

– தம்பியெண்டாலும் இது பொலிஸ் இல்லை, குடியை விடுறதுக்கு உதவி செய்யிற இடம். அந்த வாங்கில இருத்துங்கோ. ஓடுறதுக்கு அவருக்கு உடம்பில பெலனும் இல்லை.

– இந்தா, அவுத்துட்டேன். உக்காந்த ஒடனே கொறட்டை விடுறான் பாருங்க, சொரணை கெட்ட நாய்! இப்பச் சொல்லுங்க, எப்பத் தெளிய வைப்பீங்க?

– எவ்வளவு காலமாக் குடிக்கிறார்?

– மீசை மொளைச்சதிலேர்ந்து. இப்பக் கசிப்புச் சாராயந்தான் சோறு தண்ணி எல்லாம். பல்லு வெளக்க முன்னயே போத்தலைத் தேடுவான்.

– அப்ப வீட்டில வைச்சு டக்கெண்டு நிப்பாட்டப்படாது. கை நடுங்கும், வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரி வாட்டில விட்டு, மருந்து குடுத்து, மெல்ல மெல்லத்தான் நிப்பாட்டவேணும். பிறகு குடிக்கிற ஆசையைக் குறைக்கிற குளுசை இருக்கு. தங்கி நிக்கிற நிலையமும் இருக்கு. இல்லாட்டி வீட்டிலயிருந்து கிழமைக்கொருக்கா என்னட்டை வந்து கதைக்கலாம். குடியை விட்ட ஆக்கள் கூடுற கூட்டமும் நடக்குது.

– வீட்டுலருந்து வாறது, கூட்டத்துக்குப் போறது, அந்தக் கதையெல்லாம் வேணாம் மிஸ்ஸி. இருக்கிறதுலயே பெரிய வைத்தியம் எதுவோ அதைக் குடுங்க. சோத்துல கலந்து குடுக்க ஒரு பொடி இருக்காமே?

– ஐயோ, அந்த வேலை மட்டும் பாக்காதேங்கோ! அவருக்குத் தெரியாமல் குடுத்து, அவர் அதுக்கு மேலால குடிச்சா ஆளே முடிஞ்சுபோகும்.

– சாகக்கூடாது மிஸ்ஸி! இவன் சாகவே கூடாது!

– எவ்வளவு பாசம், பாருங்கோ. செத்துத் துலையட்டுமெண்டு விட்டிட்டுப் போற ஆக்களைத்தான் நான் கூடுதலாக் கண்டிருக்கிறன். அக்கா எண்டா இப்பிடி இருக்கோணும்.

– பாசமா? மண்ணாங்கட்டி! எம்மகளக் கொன்னவன் மிஸ்ஸி இவன்.

– என்னக்கா கதைக்கிறீங்கள்?

– பள்ளிக்கூடம் விட்ட புள்ளய லேண்ட்மாஸ்டர் டிராக்டர்ல ஏத்திக்கிட்டு வந்தான். குடிவெறியில இரணைமடு வாய்க்கால் கட்டுலருந்து கவுத்தான். தேனுகா டிரெயிலர் பெட்டிக்கு அடியில. இவனுக்கு ஒரு கீறல் இல்ல. ஒரு கீறல் கூட இல்ல!

– கடவுளே... வழக்கு?

– நடக்குது, நடக்குது. நீதவான் கேட்டப்ப, 'எனக்கு ஒன்னுந் தெரியாதுங்க ஐயா'ன்னான். நடிப்புன்னு நெனைச்சேன். நடிப்பில்ல சாமி, நெசமாவே தெரியல! பொழுது சாஞ்சா வாசல்ல வந்து நின்னு, 'தேனுகா, மாமனுக்குத் தண்ணி கொண்டா'ன்னு கூப்புடுறான். செத்துட்டாடா பாவின்னு நான் சொல்லணும். அப்பத்தான் கேள்விப்பட்டவன் மாதிரி விழுந்து பொரண்டு அழுவுறான். மறுநாளு திரும்பவும் வந்து கூப்புடுறான்.

– குடி மூளையையும் சேத்துத்தான் சாப்பிட்டிருக்கு. சிலருக்கு அப்பிடி வாறது அக்கா. குடியை விட்டு, விற்றமின் ஊசி போட்டு, சாப்பாடும் ஒழுங்காக் குடுத்தா ஞாபகம் கொஞ்சம் திரும்பலாம். முழுக்க வருமெண்டு என்னால சொல்லேலாது.

– வரணும்! அதுக்குத்தானே வந்தேன். இவனுக்கு எம்புள்ள இன்னும் உசுரோட ஓடித் திரியுது. எனக்கு மட்டுந்தான் செத்துப்போச்சு. இது என்ன நியாயம்? இவன் தெளியணும். அவளப் பொதைச்ச எடத்துல இவன நிப்பாட்டணும். கண்ணு முழிச்ச ஒடனே அவ மொகம் வந்து நிக்கணும். சோறு தொண்டையில எறங்கக்கூடாது. நூறு வயசு வரைக்கும் இருந்து அனுபவிக்கணும்.

– பழி வாங்கிறதுக்காக நான் வைத்தியம் செய்யேலாது.

– எதுக்காகச் செஞ்சா என்ன மிஸ்ஸி? இவன் குடிய விடணும்னு நீங்களும் சொல்றீங்க, நானும் சொல்றேன்.

– ஞாபகம் வரேக்க அவர் தாங்கமாட்டார். உயிரை விடத்தான் பாப்பார். அந்த நேரம் பக்கத்தில ஆர் இருக்கிறது?

– நான்தான். வேற யாரு? ராப்பகலா இருப்பேன், சோறு ஊட்டுவேன். அவ்வளவு லேசாச் சாக விட்டுருவேனா?

– உங்களைப் பாக்கத்தான் எனக்குப் பயமாக் கிடக்கு. நீங்களும் என்னட்டை வந்து இருந்து கதைக்கவேணும் அக்கா.

– மொதல்ல இவன். பொறவு என்னையப் பாப்போம்.

– சரி. ஆனா அவர் தன்ர வாயால ஓமெண்டு சொல்லவேணும். வெறி முறிஞ்ச பிறகு திரும்பவும் கேப்பன். பழனியாண்டி! எழும்புங்கோ. இது எந்த இடமெண்டு தெரியுதோ?

– ஆஸ்பத்திரி மாதிரி இருக்குங்க. ஏன், அக்காவுக்கு மேலுக்கு முடியலைங்களா?

– வைத்தியம் உங்களுக்குத்தான். குடியை விடுறதுக்கு இஞ்ச நிக்க விருப்பமோ? விருப்பமில்லாட்டி இப்பவே எழும்பிப் போகலாம். ஒருத்தரும் மறிக்கமாட்டினம்.

– அக்கா சொன்னாச் சரிதாங்க. அக்கா எனக்குக் கெட்டது நெனைக்காதுங்க. நிக்கிறேன். ஆனா... ஏக்கா, தேனுகா என்னையத் தேடுமே? மாமன் எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ?

– நீ தெளிஞ்சு வாடா தம்பி. அவ இருக்கிற எடத்துக்கு நானே ஒன்னையக் கூட்டிட்டுப் போறேன்.