மறதிக்காரக் கம்ப்யூட்டர்

ஹலோ... ஏங்க, நான்தான். பல் டாக்டர்கிட்ட உக்காந்திருக்கேன்... இன்னும் கூப்பிடல... என்னது, கரண்ட் போயிடுச்சா? என் கம்ப்யூட்டர்?... ஓடுதா, அப்பாடா. பேட்டரி எவ்வளவு காட்டுது? கீழ் ஓரத்துல பாருங்க... ஆறு பர்சென்ட்டா. மூடிடாதீங்க...

இல்லங்க, அணைச்சா போச்சு. அது பென் டிரைவ்ல இருந்து எழும்புற சிஸ்டம். நாம செஞ்சதையெல்லாம் நெனப்புலயே வெச்சிருக்கும், அணைச்சா அடியோட மறந்துடும். எழுதி வெச்சுக்கோன்னு நாமதான் சொல்லணும்... சொல்லலைங்க. பதினோரு நாளா அணைக்கவே இல்ல, அப்படியே விட்டுட்டேன்...

ஆமா, ஆமா, அந்தக் கடிகாரப் புரோகிராம்தான். ஒவ்வொரு வரியும் நானே எழுதுனது... சுவத்துல ஒண்ணு இருக்கு, உங்க கையில ஒண்ணு இருக்கு, தெரியும். மணி பாக்கவா செஞ்சேன்? எப்படி ஓடுதுன்னு கத்துக்கணும்னு செஞ்சேன்... சண்டையச் சாயங்காலம் வெச்சுக்கலாம். இப்ப பேட்டரி எத்தனை?... நாலா.

கண்ணாடி போட்டுக்கங்க... தலை மேல தடவிப் பாருங்க... ம். கடிகாரத்துக்குக் கீழ சின்னதா ஒரு கட்டம் மின்னுதா?... படம் கிடம் எதுவும் இருக்காது, இதுகிட்ட எழுதித்தான் சொல்லணும். எஸ்... ஏ... வி... கீழ் வரிசைங்க, நடுவுல... ஆமா... ஈ. இப்ப என்டர்.

சிஸ்டர், ரெண்டே நிமிஷம்.

என்ன கேக்குது, படிங்க... பழசை அழிக்கவான்னா? அழிக்கணும். பயப்படாதீங்க, அது பதினோரு நாளைக்கு முந்தின காப்பி. ஆமாங்கிறதுக்கு ஒய் அடிங்க... நான் சொல்றேன்ல, அடிங்க...

ஏங்க?... ஏங்க, பேசுங்க... அணைஞ்சுடுச்சா! அதுக்கு முன்னாடி ஏதாவது எழுத்து வந்துச்சா?... நெஜமா? முடிஞ்சுதுன்னு, ‘டன்’னே வந்துச்சா?... அப்ப பத்திரமா இருக்கு. போன உயிர் திரும்பி வந்துச்சுங்க எனக்கு...

என்ன, இப்பவே எழுப்பணுமா? கரண்ட் வரட்டும்... பாத்துக்கிட்டு இருந்தீங்களா? எதை?... நொடி முள்ளையா... அதை நகர வைக்க மூணு நாள் ஆச்சு, தெரியுமா... ம்... மணி அடிக்க வைக்கலாமாவா? பாரேன், எதுக்கு இந்த வேலைன்னு கேட்ட மனுஷன்...

சிஸ்டர், பக்கத்துல உக்காந்திருக்கிற இவங்கள முதல்ல அனுப்புங்களேன், நான் அப்புறம் போறேன்... ம், சொல்லுங்க. மணிக்கு ஒரு தடவையா, அரை மணிக்கும் வேணுமா?... ரெண்டுக்குமா... எத்தனை மணியோ அத்தனை தடவையா? இருங்க, அதுக்கு எண்ண வேற கத்துக்கொடுக்கணும்... சரி சிஸ்டர், மொறைக்காதீங்க. வெச்சுட்டேன், வெச்சுட்டேன்.