ரோனித் சொன்ன பிளீஸ்

— என்ன தவம், ரெண்டு மணிக்கே வந்திட்டீர்? பேக்கரியிலை உம்மட முதலாளி, அந்த இஸ்ரேல்காறி ஏசிப்போட்டாளோ?

— ஏசியிருந்தா நிம்மதியா இருந்திருப்பன். "பிளீஸ், நீ வீட்டை போ" எண்டவ.

— நல்லதுதானே. மரியாதையாக் கதைக்கப் பழகிப்போட்டாள்.

— ரெண்டு வருசத்திலை ரோனித் எனக்கு ஒருநாளும் பிளீஸ் சொன்னதில்லை, இஞ்சருங்கோ. வேலைக்குப் போன முதல் நாளே, ஏன் உனக்குப் பிள்ளையில்லை, ஆரிலை பிழை எண்டு கேட்டவ. நான் பாத்ரூமுக்குள்ளை நிண்டு அழுதனான்.

— அதைத்தான் நானும் சொல்லுறன். வாயிலை பூட்டில்லாத சனம். இரும், தேத்தண்ணி ஊத்திறன்.

— வேண்டாம். எங்கட ஆக்கள் அதை முதுகுக்குப் பின்னாலை கேப்பினம். அவ முகத்துக்கு நேரை கேட்டவ. அடுத்த கிழமை தன்ர டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டும் போனவ. நேரை கதைக்கிறதுக்கு அவையின்ர பாசையிலை துக்ரியாம். என்னை ஒரு வசனம் முடிக்க விடமாட்டா. குறுக்கை கதைச்சாத்தானாம், கேட்டுக்கொண்டிருக்கிறா எண்டு அர்த்தம்.

— சரி, சரி. இரும், கொஞ்சம் சாப்பிடும். புட்டு இருக்கு.

— இண்டைக்குத் தம்பி கோணேசைப் பற்றிச் சொன்னனான். வவுனியாவாலை கொழும்புக்குப் போக ஆமியின்ர பாஸ் கிடைச்சிட்டுது, ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பான் எண்டு. நான் சொல்லி முடியுமட்டும் அவ வாயே திறக்கேல்லை. மாப் பட்ட கையைத் துடைச்சுப்போட்டு என்ர தோளிலை வைச்சுக்கொண்டு நிண்டா. சப்வேயிலை ஷேர்போன் ஸ்டேசன் வரையும் அதையே யோசிச்சுக்கொண்டு வந்தனான்.

— அவளுக்குக் களைப்பாயிருக்கும்.

— போன் வயரை ஏன் கழட்டி வைச்சிருக்கிறியள்?

— அது... கண்ட கண்ட விளம்பரக்காறர் எடுக்கிறாங்கள்.

— மூண்டு நாளாப் போன் அடிக்கேல்லை. அதுதானோ?

— இரும் தவம். முதல்லை சாப்பிடும். பிறகு கதைப்பம்.

— எனக்குப் பயமாயிருக்கு. துக்ரியாச் சொல்லுங்கோ.

— அவள் சொல்லிப்போட்டாள், என்ன? கடைக்கு ஆர் போன் எடுத்தாலும் தவத்திட்டைக் குடுக்காதேங்கோ, தம்பி ஷெல்லடியிலை செத்ததை நான் மெல்ல மெல்லச் சொல்லுறன், நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ எண்டு அவளிட்டைக் கெஞ்சினனான். அந்தச் சனத்துக்கு ஒரு சொல்லை வயித்துக்குள்ளை வைச்சிருக்கத் தெரியாது.

— ரோனித் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள்தான் இப்ப சொன்னது.