பீடியை விட்ட பிறகு வந்த இருமல்

பிள்ளைகளே, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா மடியில் எக்ஸ்ரே கவர்.

"புருஷன் இருமுனா சந்தோஷப்படற பொம்பள நீ ஒருத்திதான்" என்றார் அவர்.

"டாக்டர் இன்னா சொன்னாரு? மூச்சுக்குழாய்ல கண்ணுக்குத் தெரியாத முடி மாதிரி இருக்குதாம். வெறப்பா நிமிந்து சளிய மேல தள்ளிட்டு, அப்புறம் தொவண்டு வளைஞ்சு திரும்புமாம். பீடிப் பொகையில அதுங்க ஓஞ்சு படுத்துடுச்சு. நீங்க பீடிய விட்டதும் இப்போ எழுந்து வேலை செய்யுதுங்க. அதான் இருமலு."

"பீடி குடிச்சப்போ இருமல் கம்மியா இருந்துச்சே. எறங்குனதும் ஒண்ணே ஒண்ணு பத்த வெச்சுப் பாக்கலாம்னு இருந்தேன்."

"வைங்க. அதுங்க மறுபடியும் படுத்துக்கும்."

அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருமினார். சளி வந்தது. மூச்சை நன்றாக இழுத்துவிட்டார்.

"இத்தினி வருஷம் அந்த முடிங்கள பொகையில வாட்டுனேன். கோவிச்சுக்காம எனக்கே உழைக்குதுங்க பாரேன். பாவம், இனிமே பீடி வாணாம்."

"நானுந்தான் உழைக்கிறேன். ஒரு நாளாச்சும் இப்படிச் சொல்லியிருக்கீங்களா?"

"உன்னையும் சேத்துதான் சொன்னேன்" என்றவருக்கு மறுபடி இருமல் வந்தது.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.