தண்டச்சோறு ரெண்டு பேர்

— வியாழக்கிழமை ரெண்டு கண்ணையும் எடுக்கப் போறீங்கன்னு என்கிட்ட ஏன் சார் முதல்லயே சொல்லலை? தூக்கம் வரலைன்னு மட்டும்தானே வந்தீங்க.

— கண்ணுக்கும் தூக்கத்துக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்? பார்வை போய் வருஷக்கணக்காச்சு. ரெண்டும் தண்டச்சோறு. வேலை கிடையாது, வலி மட்டும் தவறாம வந்துடும். தேதி வேற தள்ளிக்கிட்டே போகுது. எடுத்துட்டுக் கண்ணாடிக் கண்ணு வெச்சா அழகாவாவது இருப்பேன்.

— எதைக் கேட்டாலும் இப்படித்தான் டாக்டர், கிண்டல். இந்தக் கண்ணைப் பார்த்துத்தானே உங்களைக் கட்டிக்கிட்டேன், இருந்துட்டுப் போகட்டும்னு கெஞ்சிப் பார்த்தேன். கேட்கலை. ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட முழிச்சிருக்காரு. பகல்ல ஆபீஸ் போன்ல பேசிக்கிட்டே குறட்டை விடுறாரு. இன்னொரு தடவை தூங்கினா வேலைக்கே வர வேண்டாம்னுட்டாங்க.

— நடுவுல கொஞ்ச நாள் ஒழுங்கா தூங்குறேன் டாக்டர். அப்புறம் மறுபடி தடம் புரண்டுடுது.

— அங்கதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. ரெண்டு ராத்திரி இங்க படுக்க வெச்சு ரத்தம் எடுத்தோமில்ல? மெலடோனின்னு ஒண்ணு, ராத்திரி ஆச்சுன்னு உடம்புக்குச் சொல்ற சுரப்பு. முதல் ராத்திரி இருட்டுல நல்லா ஏறிச்சு. மறுநாள் ராத்திரி அதே நேரத்துல உங்க முகத்துக்கு நேரா விளக்கைப் போட்டோம். சர்ருன்னு இறங்கிடுச்சு.

— விளக்கா? எனக்குத் தெரியவே இல்லையே.

— உங்களுக்குத் தெரியலை. கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு.

— அப்ப இவருக்குப் பார்வை திரும்புமா டாக்டர்?

— அந்த ஆசை வேண்டாம்மா. பார்க்குற செல் எல்லாம் செத்துப் போச்சு. ஆனா வெளிச்சத்தை மட்டும் உணர்ற செல் கொஞ்சம் தனியா இருக்கு. எலி, ஆடு, நாம, பால் குடுக்குற எல்லா உயிருக்கும் உண்டு. மூளைக்குள்ள இருக்கிற கடிகாரத்துக்கு அதுதான் சேதி அனுப்பும்.

— மூளைக்குள்ள கடிகாரமா? யாரு சாவி குடுக்குறது?

— சாவியே வேண்டாம் சார். சில மரபணு சேர்ந்து ஒரு புரதத்தைச் செய்யும். அது நிறைஞ்சதும் அந்த மரபணுவையே வாயை மூடச் சொல்லிடும். புரதம் கரைஞ்சு தீர்ந்ததும் மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கும்.

— எங்க வீட்டுச் சண்டை மாதிரி.

— கொஞ்சம் சும்மா இருங்க. நீங்க சொல்லுங்க டாக்டர்.

— அந்தச் சுத்து ஒரு நாளைவிடக் கொஞ்சம் நீளம். காலை வெளிச்சம் பட்டாத்தான் கணக்கு நேராகும். படலைன்னா தினம் கொஞ்சம் தள்ளித் தள்ளி, ராத்திரி போய் பகல்ல நிக்கும். நீங்க எங்க படுக்கிறீங்க?

— உள் ரூம்ல. அங்க ஜன்னல் கிடையாது. ஜன்னல் ரூம்ல இவளோட தையல் மிஷின். இருட்டுல ஊசி கோக்க முடியுமா? எனக்கு எதுக்கு வெளிச்சம்னு நான்தான் மாறிக்கிட்டேன். ஆபீஸ்லயும் என் ரூம் பல்பைக் கழட்டிட்டாங்க. வெளிய வந்தா இந்தக் கறுப்புக் கண்ணாடி.

— முதல்ல அதைக் கழட்டுங்க. தினம் காலையில ஜன்னல் பக்கம் உட்காருங்க. வலிக்கு மருந்து இருக்கு, கண் டாக்டர்கிட்ட நானே பேசுறேன். கண்ணை எடுத்திருந்தா, வெளிச்சம் உள்ள போற வழியையே அடைச்சிருப்போம்.

— இன்னைக்கே கட்டிலை ஜன்னல் ரூமுக்கு இழுத்துடறேன். மிஷின் ஒரு ஓரமா கிடக்கட்டும். அப்பாடா, இப்பதான் எனக்கு மூச்சே வருது.

— தண்டச்சோறுன்னு திட்டித் தீர்த்தேன். வேலைக்குத் தயாரா நின்னதுங்களை நான்தான் இருட்டுல பூட்டி வெச்சிருக்கேன். நல்லவேளை, அந்தக் கண் டாக்டர் லீவு, கூட்டம்னு ரெண்டு தடவை தேதியைத் தள்ளிப் போட்டாரு. சோம்பேறின்னு அவரையும் ஏசினேன். நேர்ல போய் ஒரு கும்பிடு போடணும்.

— அவரு எங்கங்க தள்ளிப் போட்டாரு? உங்களுக்குக் காய்ச்சல்னு ரெண்டு தடவையும் போன் பண்ணிச் சொன்னது நான்தான்.