மலை ஏறிய கண்டம் வண்டி

எனக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது, சார். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டேன். கஞ்சன் என்பாள் என் மனைவி ராமாத்தாள்.

கொழிஞ்சாம்பாறையில் பழைய வண்டிகளை வாங்கி உடைத்து விற்பது என் தொழில். அந்த ஜீப்பையும் ஏலத்தில் முறையாகத்தான் எடுத்தேன். லாரியில் மோதி, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் விரிசல் விட்டிருந்ததால், இனி ஓட லாயக்கில்லை என்று வண்டியைக் கண்டம் செய்திருந்தார்கள். வண்டி உன்னுடையதுதான், உதிரிகளைப் பிரித்து விற்றுக்கொள், சேசிஸை மட்டும் வெட்டிவிடு, ரோட்டில் ஏற்றாதே என்றார் வண்டிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர். நான் வாங்கிய பொருளை நான் ஓட்டக்கூடாது என்றால் அது என்ன சொந்தம்? வயிறெரிந்தது, சார். எஞ்சின் அவ்வளவு அருமையாக இருந்தது.

வெட்ட மனம் வரவில்லை. விரிசல்மேல் தகடு வைத்து ஒட்டிப் பெயிண்ட் அடித்தேன். எரிந்துபோன வேறொரு ஜீப்பின் நம்பரை மாட்டினேன்.

பீர்மேட்டிலிருந்து ஏசுதாஸ் தன் மனைவி பிலோமியோடு வந்தார். எஸ்டேட் ஆட்களை ஏற்றி ஓட்ட ஒரு ஜீப் தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இது மலை ஏறுமா?"

"ஏனுங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க? சும்மா கும்முனு ஏறுமுங்க."

சில மாதம் கழித்து ஜீப்போடு திரும்பி வந்தார். வளைவுகளில் அடியிலிருந்து முனகல் கேட்கிறதாம். குனிந்து பார்த்தேன். தகட்டைத் தாண்டி விரிசல் நீண்டிருந்தது. சொன்னால் வண்டியை வெட்ட வேண்டும், நானும் மாட்டிக்கொள்வேன். "ஸ்பிரிங் பட்டைக்குக் கிரீஸ் பத்தலீங்க, அவ்வளவுதான்" என்று நானே கிரீஸ் வைத்து அனுப்பினேன். அதற்குக் கூலிகூட வாங்கவில்லை.

அந்த வாரமே பள்ளத்தில் உருண்டது. ஏசுதாஸோடு சேர்த்து ஏழு பேர் செத்தார்கள். மனசு கேட்காமல் கடையை இரண்டு நாள் சாத்தி வைத்தேன்.

போலீஸ் பார்த்து முடித்ததும், நொறுங்கிக் கிடந்ததை விற்க பிலோமி என்னிடமே வந்தாள். "ஒங்கள விட்டா எனக்கு யாரத் தெரியும், அண்ணாச்சி?" என்று அழுதாள். பாவமாக இருந்தது. நியாயமான விலைக்கே எடுத்துக்கொண்டேன்.

அந்த ஜீப் இப்போது எங்கே என்றுதானே கேட்கிறீர்கள்? சேசிஸை நிமிர்த்தி, இந்த முறை இரண்டு தகடு வைத்தேன். கோவிந்தாபுரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. மலைப்பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று கறாராகச் சொல்லித்தான் கொடுத்தேன். எனக்கும் மனசாட்சி இருக்கிறது, சார்.