ஏழு கோல் இசோகாய்

புல்லை வாரத்துக்கு மூன்று முறை வெட்டினால் போதும். நான்கு முறை வெட்டுகிறவன் புல்லை நம்பாதவன். இரண்டு முறை வெட்டுகிறவன் தன் முதுகுவலியை ரொம்பவும் நம்புகிறவன்.

நம் கால்பந்துக் கழகத்தின் வெள்ளிவிழா மலருக்காக ‘கசஹமா மைதானத்துப் புல்லின் ரகசியம்’ என்று அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள். ரகசியம் என்று பார்த்தால் ஒன்றுதான் இருக்கிறது. அது அரைப் பக்கத்தில் அடங்காது. தலைவரின் வாழ்த்துரையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கழகம் பிறப்பதற்கு முன்பிருந்தே, முப்பத்தெட்டு வருடமாக, இந்தத் தரையை நான் பார்த்துக்கொள்கிறேன். மூன்றாம் டிவிஷனில் இப்படி ஒரு தரை கிடையாது என்று வெளியூர்க்காரர்களே சொல்வார்கள். ஒருமுறை நடுவர் பூவா தலையா போட்டபோது காசு புல்லில் விழுந்து விளிம்பில் அப்படியே நின்றது. மறுபடி போட்டார், மறுபடியும் நின்றது. மூன்றாவது முறை கோட்டுக்கு வெளியே போய் சிமெண்டில் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார். நெமோட்டோ கிழவன் அளந்துவிடுகிறான் என்று அலுவலகத்தில் பேச்சு உண்டு என்பது தெரியும். அந்த நடுவர் உயிரோடுதான் இருக்கிறார். கேட்டுக்கொள்ளலாம்.

எனக்கு இந்த ஊரைப் பற்றி ஒரே ஒரு மனக்குறை. இங்கே நன்றாக இருக்கிற எதுவும் தங்காது. கணவாய் மீனில் முழுசாக இருப்பது டோக்கியோவுக்குப் போகும், கை உடைந்தது நமக்கு. ஆட்டக்காரர்களும் அப்படியே. பதினைந்து கோல் போட்ட முன்கள ஆட்டக்காரனை மேல் டிவிஷன்காரர்கள் வந்து கொண்டுபோய்விடுவார்கள். மூன்று கோல் போட்டவனை நவம்பர் மாதம் நம் கழகமே வெளியே அனுப்பிவிடும். எப்படியானாலும் காலை எட்டு பதினேழு ரயில்தான். இருபத்திரண்டு முன்கள ஆட்டக்காரர்களுக்கு நான் கையசைத்திருக்கிறேன். ஒருவன்கூட ரயிலேறும்போது தரையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இசோகாய் தத்சுயா வந்தபோது அவருக்கு முப்பது வயது. பதினோரு வருடத்தில் ஒன்பது கழகங்கள். இரண்டாம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன், நடுவில் ஒரு டயர் கம்பெனி அணி. வேலை போனவர்களை எல்லாம் ஒரே இடத்தில் கூட்டி, முதுகில் எண் ஒட்டி, ஒருவரோடு ஒருவரை மோதவிட்டுப் பார்ப்பார்களே, அந்தத் தேர்வு ஆட்டத்துக்கு மட்டும் நான்கு முறை போய்வந்தவர். முதல் டிவிஷனில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை.

மைதானத்துக்குள் இறங்கும்போது தரையைப் பார்த்துக் குனிந்து வணங்குவது எல்லோரும் செய்வதுதான். பெரும்பாலும் அது தும்மல் மாதிரி இருக்கும். இசோகாய் முதல் நாள் நின்று, காலைச் சேர்த்து, மூன்று எண்ணும்வரை குனிந்திருந்தார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

“தரைக்கு நீங்கதானே?”

“ஆமா. நெமோட்டோ.”

“ஒம்பது ஊர் பாத்துட்டேன், நெமோட்டோ சான். கால் வெச்சதும் காலைத் தூக்க மனசு வராத தரை இதுதான்.”

ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் குளிக்கப் போனார்கள். அவர் மட்டும் பெயர்ந்த புல்லைப் பொறுக்கி வைத்துப் பாதத்தால் அழுத்திக்கொண்டிருந்தார். எதிரணிக்காரன் பெயர்த்ததையும் சேர்த்து. அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன் என்று சொன்னால் அது மிகை. இரண்டு வாரம் யோசித்தேன்.

முதல் வருடம் அவர் ஏழு கோல் போட்டார். ஏழு நல்ல எண். மேலே இருப்பவன் எட்டிப் பார்க்க மாட்டான். கீழே தள்ளுகிறவனுக்கும் மனசு வராது. இன்னொரு வருடம் இருக்கச் சொன்னார்கள். இரண்டாம் வருடம் ஜூனுக்குள் ஆறு ஆகிவிட்டது. கணக்குப் போட்டேன். அந்த வேகத்தில் போனால் பதினான்கு. மேற்கு வரிசையில் சாம்பல் தொப்பி போட்ட ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்.

ஒவ்வொரு முன்கள ஆட்டக்காரனுக்கும் ஓர் இடம் உண்டு. அவன் அங்கே போவதில்லை, கால் அவனை அங்கே கொண்டுபோகும். இசோகாய் இடதுகாலால் அடிப்பவர். தென்பக்க கோலுக்கு முன்னால், பெனால்டி புள்ளியிலிருந்து இடப்பக்கம் ஏழு தப்படி. அங்கே வலது பாதத்தை ஊன்றித்தான் அடிப்பார். அந்த இடம் ஒரு சாப்பாட்டு மேசை அளவுக்கு மேல் கிடையாது.

மண்ணுக்குள் காற்றுப் போவதற்காக நான்கு பல் கம்பியால் தரையைக் குத்துவது எங்கள் வேலையில் வழக்கம். நான் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் ஆழமாகக் குத்தினேன். ஆட்டத்துக்கு முந்தின நாள் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். மேலே பார்த்தால் புல் பச்சையாகச் சிரிக்கும். காலை ஊன்றினால் அரை விரல் உள்ளே இறங்கும். அரை விரல் இங்கே இறங்கினால் பந்து அங்கே ஓர் ஆள் உயரம் ஏறிவிடும். அவ்வளவுதான் ரகசியம். இதற்கு மேல் எழுதுவது எல்லாம் விவரம்.

அந்த வருடம் ஏழு. அடுத்த வருடமும் ஏழு. இது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாம் வருடம் அக்டோபரில் அவர் நான்கிலேயே நின்றுவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று நாள் காலையில் உருளையை ஓட்டி அந்த இடத்தைக் கல்லாக்கினேன். அடுத்த நான்கு ஆட்டங்களில் மூன்று கோல். வெளியூர் மைதானங்கள் என் கையில் இல்லை. அங்கே அவர் தன் சொந்தத் திறமையாலேயே தவறவிட்டார்.

ஒரு பந்து கோட்டின் மேல் வந்து நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். கோல்கீப்பர் விழுந்து கிடக்கிறார், தடுப்பவர்கள் யாரும் இல்லை, பந்து உருண்டு உருண்டு வந்து கோட்டில் உட்கார்ந்துவிட்டது. காகம் ஒன்று இறங்கி அதன் மேல் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுப் போனது. அது என் வேலை அல்ல. ஆனாலும் பெருமையாக இருந்தது.

வேலிக்கு வெளியே மீன் விற்கும் ஹமுரா அம்மாள் ஓர் ஆட்டம் விடமாட்டார்.

“இசோகாய்! மேல என்னய்யா, கொக்கா சுடுற? கோல் கீழ இருக்கு!”

அவர் அந்தப் பக்கம் திரும்பி, தலை குனிந்து மன்னிப்புக் கேட்பார். பதில் பேசத் தெரியாத மனிதர்.

பயிற்சி மைதானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு உள்ளே போகும். அது அவரைத் தின்றது. மூன்று ஜோடி பூட்ஸ் மாற்றினார். கோவிலுக்குப் போய்த் தீட்டுக் கழித்துக்கொண்டு வந்தார். தவறவிட்ட ஒவ்வோர் அடியையும் ஒரு நோட்டில் படம் போட்டு வைத்தார். ஒருநாள் மத்தியானம் என் கொட்டகைக்கு வந்து அந்த நோட்டை விரித்தார். பார்லித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“எல்லாம் மேல போகுது. பாருங்க. எல்லாமே ஒரே மாதிரி. நீங்க தினமும் பாக்குறீங்களே, நெமோட்டோ சான், நான் என்ன தப்பு பண்றேன்?”

“அவசரப்படுறீங்க.”

“அவசரமா?”

“அடிக்கறதுக்கு முன்னால ஒரு மூச்சு விடுங்க.”

ஒரு வருடம் முழுக்க ஒரு மூச்சு விட்டு அடித்தார். கேட்ட புத்திமதியை அப்படியே கடைப்பிடிக்கிறவர்களை இந்தக் காலத்தில் பார்ப்பது கடினம்.

என்னால் அவருக்கு நேர்ந்த நல்லதையும் எழுத வேண்டும். அவருடைய மனைவி சானயே அதுவரை ஒக்காயாமாவில் தாய்வீட்டில்தான் இருந்தார். மகள் கோஹாருவை வருடத்துக்கு ஒரு பள்ளி மாற்ற முடியாது என்று. மூன்றாவது ஒப்பந்தம் கையில் வந்ததும் இருவரையும் இங்கே அழைத்துக்கொண்டார். ஊர் மாறும்போது மடித்து அலமாரிக்குப் பின்னால் செருகிவைக்கும் அட்டைப்பெட்டிகளை அன்று என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

“இனிமே வேணாம். கொட்டகைல ஏதாவதுக்கு ஆகும்.”

பின்னால் நின்ற சானயே சிரித்தார். “இவர் சொல்றத நம்பாதீங்க. முதல் டிவிஷன்ல ஒரே ஒரு நிமிஷம் ஆடிட்டா போதும், அப்புறம் தெருக் கூட்டக்கூடப் போறேன்னு தூக்கத்துல பேசற ஆள்.”

கோஹாரு அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்து இரண்டு வகுப்புகள் தொடர்ந்து படித்தது இந்த ஊரில்தான். அதற்கு யார் காரணம் என்று நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

நான்காம் வருடம், ஜூலை. முதல் டிவிஷன் கழகம் ஒன்றில் முன்கள ஆட்டக்காரர்கள் மூன்று பேருக்கு ஒரே மாதத்தில் காயம். டிசம்பர்வரை பெஞ்சில் உட்கார ஓர் ஆள் தேவை. சனிக்கிழமை சாம்பல் தொப்பிக்காரர் வருகிறார் என்று இசோகாய் வியாழக்கிழமை என்னிடம் சொன்னார். கோச்சிடம்கூடச் சொல்லவில்லை.

“முப்பத்திமூணு வயசு. இனிமே யாரும் கேக்க மாட்டாங்க. இந்த ஓர் ஆட்டம்தான். சனிக்கெழம தரை எப்படி இருக்கும்?”

“நல்லா இருக்கும்” என்றேன். அது பொய் இல்லை. புல் மிக நன்றாக இருந்தது.

நான் யோசிக்காமல் செய்யவில்லை. ஐந்து மாதம் பெஞ்சில் உட்காருவார். பிறகு விட்டுவிடுவார்கள். மறுபடியும் முதுகில் எண், தேர்வு ஆட்டம், அட்டைப்பெட்டி. அந்தச் சின்னப் பெண்ணுக்கு இன்னொரு பள்ளி. எனக்கும் இன்னொரு தும்மல்காரன். எல்லோருக்கும் நஷ்டம். வெள்ளிக்கிழமை கம்பியை ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கினேன். வழக்கமாக இரண்டு வாளி, அன்று ஐந்து.

எழுபத்தோராம் நிமிடம் பந்து அவரிடம் வந்தது. கால் அவரை அந்த இடத்துக்குக் கொண்டுபோனது. ஒரு மூச்சு விட்டார். வலது பாதத்தை ஊன்றினார். பூட்ஸ் கணுக்கால்வரை உள்ளே போனது, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டியில் வந்த சத்தம் காய்ந்த மூங்கிலைப் பிளப்பது போல மேற்கு வரிசைவரை கேட்டது.

பந்து உள்ளே போய்விட்டது. மேல் மூலையில், வலை கிழிகிற மாதிரி. இத்தனை வருடத்தில் என் வேலையில் நேர்ந்த ஒரே பிழை அதுதான்.

சாம்பல் தொப்பிக்காரர் ஏதோ எழுதினார். பிறகு தூக்குப்படுக்கை வருவதைப் பார்த்து நோட்டை மூடினார். ஹமுரா அம்மாள் அன்றைக்கு ஒன்றும் கத்தவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பேரிக்காய் வாங்கிக்கொண்டு போனேன். முட்டி ஜவ்வு இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. இனி ஓட்டம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“தரைய யாரும் குத்தம் சொல்லக் கூடாது” என்றார் இசோகாய். “என் கால்தான். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க, நெமோட்டோ சான்.”

மனசில் வைத்துக்கொள்ளவில்லை. கழகத்திடம் பேசி, அவரை எனக்கு உதவியாளராகப் போட வைத்தேன். நீங்கள்தான் அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தீர்கள். எல்லோரும் என்னைப் பாராட்டினீர்கள். இசோகாய் வலது காலை இழுத்துக்கொண்டு புல்வெட்டும் இயந்திரத்தின் பின்னால் நடப்பார். அவர் வெட்டிய கோட்டில் நூல் பிடிக்கலாம். வேலைக்கு இறங்கும்போதும் ஏறும்போதும் மூன்று எண்ணும்வரை வணக்கம். முப்பத்தெட்டு வருடத்தில் எனக்கு மிகச் சந்தோஷமான காலம் அதுதான்.

இந்த வருடம் தொக்குநாகா வந்தான். இருபத்திமூன்று வயது, இவனும் இடதுகால்காரன், இவனுடைய இடமும் கிட்டத்தட்ட அதேதான். மே மாதத்துக்குள் எட்டு கோல். நல்ல பையன், வணக்கம் இரண்டு எண்ணும்வரை வரும். கம்பியை எடுத்தேன்.

ஒரு காலை இசோகாயின் இயந்திரச் சக்கரம் அந்த இடத்தில் இறங்கிக்கொண்டது. இயந்திரத்தை நிறுத்தினார். மடங்காத முட்டியை ஒரு பக்கம் நீட்டி உட்கார்ந்து, விரலைப் புல்லுக்குள் விட்டார். இரண்டாம் கணுவரை போனது. இன்னொரு இடத்தில் விட்டார். நான்கு குழிகள், சம இடைவெளியில். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எலி போலிருக்கு” என்றார்.

“எலிதான்” என்றேன்.

அவர் மணல் கொண்டுவந்து நிரப்பி, நல்ல காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினார். அதன் பிறகு நான் குத்தி வைப்பதும், மறுநாள் நான் வருவதற்குள் அது கெட்டியாகிக் கிடப்பதுமாக இரண்டு மாதம் போனது. அவருக்கு எலி பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன். தொக்குநாகா ஜூலைக்குள் பதினாறு கோல் போட்டு முதல் டிவிஷனுக்குப் போய்விட்டான். இசோகாய் ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பிவிட்டு, சிரித்த முகமாகத் திரும்பி வந்தார். நான் அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

இயந்திரத்தைக் கிளப்பும் முன் கேட்டார்:

“எலி எத்தன வருஷமா இருக்கு, நெமோட்டோ சான்?”

“நீங்க வந்த ரெண்டாவது வருஷத்துலேர்ந்து.”

அவர் தலையை ஆட்டினார். வெட்டவேண்டிய கோட்டைக் கடைசிவரை நேராக வெட்டி முடித்தார். வெளியே வந்து தரைக்கு வணக்கம் வைத்தார், மூன்று எண்ணும்வரை. ஒரு சத்தம் போடவில்லை. ஆகவே மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். நியாயமான மனிதர்.

ஒக்காயாமாவில் ஒரு பள்ளி அணிக்குக் கோச்சாகப் போகிறாராம். சானயேயும் மகளும் முன்னாலேயே போய்விட்டார்கள். மலர் வெளிவரும்போது அவர் இருக்க மாட்டார் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். அப்படி உறுதியாகச் சொல்லிவிட முடியாது. வீட்டுச் சாமான்களை மூட்டை கட்டி முடிக்க வேண்டும், அந்தக் காலோடு லேசான வேலையா அது? பழைய அட்டைப்பெட்டிகள் இன்னும் இருந்தால் தரமுடியுமா என்று நேற்று என்னைக் கேட்டார். பத்தும் பத்திரமாக இருக்கின்றன என்று சொல்லியிருந்தேன். இன்று காலை கொட்டகையைத் திறந்து பார்த்தால், எப்படி என்று தெரியவில்லை, எல்லாம் ஊறிப்போயிருக்கின்றன.